அரை டெசிபல்

முதல்ல ஓடறது அவனோடது. ரெண்டு செகண்டுலயே தெரிஞ்சுபோச்சு எனக்கு, தம்பூரா எழும்புற விதத்துலயே தெரிஞ்சுபோச்சு, ஆனா தெரிஞ்ச மாதிரி மூஞ்சியில காட்டக் கூடாது. எது யாரோடதுன்னு சபாபதி சாருக்குத் தெரியக் கூடாதுங்கறதுதான் இன்னிக்குப் பேச்சு. ஆபீஸ் பாக்கற மங்கையர்க்கரசி சீட்டுக் குலுக்கிப் போட்டு, ரெண்டு பைலுக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு பேர் மாத்தி பென் டிரைவ்ல குடுத்துட்டுப் போயிட்டா. சார் ஏ ரூம் நடுவுல, என் நாற்காலியில, கண்ணை மூடிட்டு, ரெண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவுல தலையை வெச்சு உக்காந்திருக்கார். ஸ்கிரீனைக்கூட அணைச்சுட்டார், கண்ணு காதைக் கெடுத்துரும்னு. ஸ்டூடியோவே அவரோடது, நாற்காலி மட்டும் எப்படி என்னோடதாகும், இருந்தாலும் பதினாறு வருஷம் என் முதுகு சாஞ்ச சாய்மானம் அது, இடது பக்கம் லேசா அமுங்கியிருக்கும், நான் அப்படித்தான் உக்காருவேன், இப்ப அந்த அமுக்கம் அவருக்கு உறுத்துதோ என்னவோ, நெளியறார். நான் பின்னாடி சோபாவுல. பக்கத்துல அவன், பரிதி. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆள் உக்கார்ற இடம் காலியா கிடக்கு. பாட்டு நாலு நிமிஷம் இருபது செகண்ட். அதே பாட்டு, அதே பாடகி, அதே நாகஸ்வரம், அதே அறுபத்திரண்டு டிராக். அவன் அவனோட சாப்ட்வேர்ல மிக்ஸ் பண்ணியிருக்கான், நான் என்னோடதுல பண்ணியிருக்கேன். எது சார் காதுக்கு நல்லா இருக்கோ அந்த சாப்ட்வேர்தான் இனிமே ரெண்டு ரூமுக்கும். ஜெயிச்ச கைக்கு ஏ ரூம், தோத்த கைக்கு பி ரூம். ரெண்டையும் வெச்சுட்டு மல்லுக்கட்ட முடியாது அமலி, ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்பு போதும்னு போன வாரம் சொன்னார். சரிங்க சார்னேன். அப்புறம் பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன்.

இந்தா, நாகஸ்வரம் வரப்போகுது, இங்கதான் மாட்டுவான், மாட்டணும். அந்த நாகஸ்வரத்தை ரொம்பக் கிட்ட மைக் வெச்சு எடுத்துட்டாங்க, வாசிச்சவர் மூச்சு முதக்கொண்டு மைக்குல ஏறிக்கிடக்கு, பாடகி குரல் பூ மாதிரி, இது வந்தா அந்தப் பொண்ணை இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி வந்து நின்னுரும். மூணு நாள் போராடினேன் நான். குறைச்சா சோகை பிடிச்ச மாதிரி இருக்கு, கூட்டினா கல்யாண மண்டபமாயிருது. கடைசியில ஒரு மாதிரி சமாதானம் பண்ணி வெச்சேன், மாமியாரையும் மருமகளையும் ஒரே வீட்ல வெச்ச மாதிரி, சண்டையில்ல, ஆனா முகம் பாத்துக்க மாட்டாங்க. இவன் என்ன பண்ணியிருக்கான்னா, வந்துருச்சு, மாதாவே, இவன் அதைத் தெருக்கோடிக்குக் கொண்டு போயிட்டான். சத்தத்தைக் குறைக்கல, தள்ளி நிக்க வெச்சிருக்கான். ரெண்டு தெரு தள்ளி எங்கேயோ சாமி புறப்பாடு, இங்க ஒருத்தி வீட்டுக்குள்ள உக்காந்து பாடறா, ஜன்னல் வழியா அது வருது. அவ்வளவுதான். இடிக்கவே இல்ல. எனக்கு இது தோணலை. மூணு நாள்ல ஒரு தடவைகூடத் தோணலை. தோணியிருந்தா எனக்கு அரை மணி நேர வேலை, எனக்குத் தெரியாத வித்தையெல்லாம் இல்ல இது, எக்கோவும் கொஞ்சம் மேல் சத்தத்தை வெட்டறதும்தான், ஆனா தோணலையே, தோணறதுதானே வித்தை. திரும்பி அவனைப் பாக்கக் கூடாதுன்னு நினைக்கறேன், பாக்கறேன். மடியில கையை வெச்சுட்டு, ஸ்கூல்ல போட்டோ எடுக்க உக்காந்த புள்ள மாதிரி இருக்கான். முப்பத்தினாலு வயசு. திருத்துறைப்பூண்டி. இளம்பரிதின்னு பேர் வெச்சவர் கட்சி மேடையில பேசற அப்பா. ஆறு வருஷம் ஹைதராபாத்ல வேலை பாத்துட்டு எட்டு மாசம் முன்னாடி பி ரூமுக்கு வந்தான். முதல் நாளே, அக்கா என்னை வா போன்னு கூப்பிடுங்கன்னான். இன்னி வரைக்கும் வாங்க போங்கதான், மனசுக்குள்ளதான் அவன் இவன். பக்கத்துல விட்டா ஒட்டிக்குவான்னு ஒரு பயம், அப்புறம் எப்படி எரியறது. ஒரு குறையும் சொல்ல முடியாத ஆளை வெறுக்கறதுக்கு எவ்வளவு மெனக்கெடணும்னு யாருக்குத் தெரியும். டம்ளரைக் கழுவி வெக்கறான். மங்கையர்க்கரசி புள்ளைக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கறான். சிகரெட் கிடையாது. சரி, வேலையிலயாவது சறுக்குவான்னு பாத்தா, ஒரு நாள் மத்தியானம் சியாமளகௌரி வந்தா, பன்னெண்டு வருஷமா என் ரூம்ல மட்டுமே பாடின பொண்ணு, ஒவ்வொரு தடவையும் எனக்குன்னு ஒரு டப்பா தட்டை முறுக்கு கொண்டு வருவா, அன்னிக்கும் கொண்டு வந்தா, குடுத்தா, குடுத்துட்டு, அமலிக்கா கோச்சுக்காதீங்க, இன்னிக்கு பி ரூம்ல புக் பண்ணியிருக்காங்கன்னா. நான் எதுக்குடி கோச்சுக்கப் போறேன், போய் நல்லாப் பாடுன்னேன். அந்த முறுக்கை நான் தின்னவே இல்ல. வீட்டுக்குக் கொண்டு போனதும் என் வீட்டுக்காரர் லாரன்ஸ் தின்னாரு, நல்லா மொறுமொறுன்னு இருக்கேன்னு வேற சொன்னாரு.

அவனைக்கூட விட்டுரலாம், மனுசன். அவன் கொண்டு வந்த அது இருக்கே, அந்த சாப்ட்வேர், அதோட பேரை என் வாயால சொல்ல மாட்டேன், மூத்த பொண்டாட்டி இளையா பேரைச் சொல்லுவாளா. அதுன்னுதான் சொல்லுவேன். அதுல பண்ணுங்க. அதுல ஏத்துங்க. எட்டு மாசத்துல சார் வாயில அது நுழைஞ்ச வேகம் இருக்கே. அமலி, அதுல குரலைச் சுருதி சேக்கறதுக்கு வேற எதுவும் தனியா வாங்க வேண்டாமாமே. அமலி, அதுக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டாமாமே. என்னோடதுக்கு ஒரு லைசென்ஸ் குச்சி உண்டு, பென் டிரைவ் மாதிரி, அது சொருகினாத்தான் திறக்கும், பதினாறு வருஷமா அதை வீட்டுச் சாவியோட ஒரே வளையத்துல கோத்து வெச்சிருக்கேன், ஒரு தடவை வேளாங்கண்ணிக்குப் போன இடத்துல கடல்ல விழப் பாத்துச்சு, புள்ளையை விட்டுட்டுக் குச்சியைப் பிடிச்சியே நீயெல்லாம் தாயான்னு லாரன்ஸ் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு. அவனோடதுக்குக் குச்சி கிச்சி ஒண்ணும் கிடையாது, லேப்டாப்பைத் திறந்தா பாட்டு. என்னோடது ஒரு தடவை நின்னுச்சு, ஒரே ஒரு தடவை, ஒரு பெரிய மியூசிக் டைரக்டர் பக்கத்துல உக்காந்திருக்கும்போது, ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சுபோச்சு, பழசாயிருச்சு அமலின்னார் சார். போன மாசம் அவனோடது நின்னப்ப, அப்டேட் கேக்குது போலன்னார். மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். எனக்குத் தெரியாதா, எந்த ஸ்டூடியோவும் எது நல்ல சாப்ட்வேர்னு பாத்து வாங்கறதில்ல. அடுத்த தெரு ஸ்டூடியோவுல என்ன இருக்கு, மும்பையிலேருந்து வர்ற ஹார்ட் டிஸ்க்குல என்ன வருது, அதைத் திறக்க முடியாம நாம முழிச்சா மானம் போகுமேன்னு பாத்து வாங்கறது. பதினாறு வருஷம் முன்னாடி என்னோடதை வாங்கினதும் அப்படித்தான். அன்னிக்கு அதுதான் புதுசு. அன்னிக்கு ஏ ரூம்ல டேப் ஓட்டிட்டு இருந்தவர் செல்லக்கண்ணு அண்ணாச்சி, ரிட்டயர் ஆகிப் போன அன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, நான் காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கினப்பக்கூட நல்லா இருன்னு செருப்பைப் பாத்துச் சொன்னாரு. என்ன கர்வம் பாருன்னு நினைச்சேன். கர்வம் இல்ல அது. இப்ப எனக்கு எப்படி இருக்கோ அப்படித்தான் அவருக்கும் அன்னிக்கு இருந்திருக்கும். வேணாம், அவரைப் பத்தி இப்ப எதுக்கு, பாட்டு சரணத்துக்கு வந்துருச்சு, கவனி, குறை கண்டுபிடி. டிரம்ஸ் கொஞ்சம் வறட்சியா இருக்கா. இல்ல. பேஸ் கிடார் குழையுதா. இல்ல, சும்மா ஆசைக்குச் சொல்றேன். சார் தொடையில விரல் தாளம் போடுது. தாளம் போட்டா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா, பாட்டு நல்ல பாட்டு, அதுக்குப் போடறார், மிக்ஸுக்கு இல்ல.

யாருக்கும் தெரியாது, நான் அதை வீட்ல இறக்கிப் பாத்தேன். முப்பது நாள் சும்மா போட்டுப் பாக்கலாம்னு குடுக்கறாங்கல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு வந்து, சேலைகூட மாத்தாம, படுக்கையறைக் கதவைச் சாத்திட்டு லேப்டாப்பைத் திறந்தேன். புருசனுக்குத் தெரியாம எவன் கூடவோ பேசற மாதிரி இருந்துச்சு. என்ன ஒரு வர்ணம், ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு கலரு, நம்மூர்த் தேர் ஜோடிச்ச மாதிரி. அசிங்கமா இருக்குன்னு சொல்லிப் பாத்தேன். அசிங்கமா இல்ல. ஒரு பழைய பாட்டை ஏத்தி, ஒரு இடத்துல வெட்டலாம்னு கையை வெச்சேன், எந்தக் கீயை அமுக்கறேன்னு நான் யோசிக்கறதே இல்ல, விரல் போகும், பதினாறு வருஷமா போன இடத்துக்குப் போகும், போச்சு, அமுக்குச்சு, டிராக் காணாமப் போச்சு. என்னோடதுல வெட்டற கீ அதுல அழிக்கற கீ. திரும்பக் கொண்டு வரலாம்னு இன்னொண்ணை அமுக்கினா இன்னும் மூணு போச்சு. அந்த நிமிஷம் எனக்கு அவன் மேல பொறாமை இல்ல, நிஜமாவே பயம், நாப்பத்தஞ்சு வயசுல எனக்குக் கை இல்லாமப் போயிரும்கற பயம். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, கம்ப்யூட்டர் படிப்பு படிக்கல, தூத்துக்குடியில பத்தாப்பு முடிச்சுட்டு எங்க மாமா கேசட் கடையில பாட்டுப் பதிஞ்சு குடுத்துப் பழகின கை. எனக்கு இருக்கறது இந்த விரலும் இந்தக் காதும்தான். விரலைப் பிடுங்கிட்டா பாதி ஆள். கதவைத் திறந்துட்டு லாரன்ஸ் வந்தாரு, டக்குனு மூடினேன். என்ன, களவாணி முழி முழிக்கேன்னாரு. ஒண்ணுமில்ல, ஆபீஸ் வேலைன்னேன். ஞாயித்துக்கிழமை என்ன ஆபீஸ் வேலை, அந்தப் பரிதிப் பையனோடதைத்தானே நோண்டிட்டு இருக்கேன்னாரு. அந்த மனுசனுக்கு எட்டு மாசமா தினம் ராத்திரி சாப்பாட்டுக்குத் தொட்டுக்க அவன் பேர்தானே, அவன் அப்படி, அவன் இப்படி. அவன்கிட்டயே கேட்டுக் கத்துக்கயேன்னாரு. அவன்கிட்டயா, தூக்குல தொங்கினாலும் தொங்குவேன்னேன். அன்னிக்கே அழிச்சேன் அதை லேப்டாப்லேருந்து. மறு ஞாயித்துக்கிழமை திரும்ப இறக்கினேன்.

முடிஞ்சுது. கடைசித் தம்பூரா அடங்கற வரைக்கும் சார் அசையல. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தட்டித் தடவி அடுத்ததை ஓட விட்டார். இது என்னோடது. என் புள்ள. காதுல என் இதயமே அடிக்குது, மிக்ஸுக்கு மேல அது கேக்குது. இப்ப சொல்லிர்றேன், எனக்குள்ளயாவது சொல்லிக்கறேன், இன்னிக்குக் காலையில நான் ஒண்ணு பண்ணினேன். எங்க தொழில்ல ஒரு பழைய உண்மை. ஒரே பாட்டை ரெண்டு தடவை போட்டு, ஒண்ணை மட்டும் கடுகளவு சத்தம் கூட்டி வெச்சா, கேக்கறவங்க அதுதான் நல்லா இருக்கும்பாங்க. சத்தம் கூடினது தெரியாது. தெளிவா இருக்கு, உயிர் இருக்குன்னு வேற என்னென்னவோ சொல்லுவாங்க. அதனாலதான் எந்த ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சாலும் முதல்ல சத்தத்தைச் சமம் பண்ணணும், அது எங்களுக்குப் பூசைக்கு முன்னாடி கை கழுவற மாதிரி. இன்ன அளவுன்னு பரிதிதான் சொன்னான், நானும் தலையாட்டினேன். இன்னிக்கு ஒன்பது மணிக்கு, ரூம்ல யாரும் இல்ல, பைலைக் கடைசியா எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி, மொத்தச் சத்தத்தையும் ஏத்தி இறக்கற மாஸ்டர் பேடரைப் பாத்துட்டே இருந்தேன். அரை டெசிபல். மொத்தமா அரை. நகத்துக்கும் தோலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. ஏத்தினேன். இறக்கினேன். ஏத்தினேன். சிலுவை போட்டுக்கிட்டு ஏத்தினேன்னு சொன்னா நம்புவீங்களா, கெட்டது பண்றப்பவும் கை அதுபாட்டுக்கு நெத்திக்குப் போயிருச்சு. ஒரு பொய்யும் சொல்லல, ஒரு பொருளும் எடுக்கல, பதினாறு வருஷம் ஒரு நாளும் தப்பு பண்ணாத கை, அதுக்கு ஒரு அரை கூடவா கிடையாது. இப்ப கேக்கறேன், என் பாட்டு பளிச்சுனு முன்னாடி வருது, ஆனா எது என் வேலை, எது அந்த அரைன்னு எனக்கே பிரிக்க முடியல. பாலுல தண்ணி கலந்துட்டு, பசு மேல பெருமைப்பட முடியுமா. நாகஸ்வரம் வருது. மாமியாரும் மருமகளும். பரிதி இப்ப என்ன நினைப்பான். திரும்பிப் பாக்கறேன். அவன் தலை லேசா சாஞ்சிருக்கு, புருவம் ஒரு நூல் தூக்கியிருக்கு, ஒரே ஒரு நொடி, அப்புறம் பார்வையை மேல, ஏசி பக்கம் கொண்டு போயிட்டான். தெரிஞ்சுபோச்சு அவனுக்கு. தெரியாம இருக்குமா, அது என்ன காது. பக்கத்து வீட்டுக்காரி நம்ம செடியில பூப் பறிக்கறதைப் பாத்துட்டு, பாக்காத மாதிரி திரும்பிக்குவோம்ல, அப்படித் திரும்பிட்டான். திட்டியிருக்கலாம். சார், ஒரு நிமிஷம்னு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கல. பாட்டு முடியற வரைக்கும் அந்த ஏசியைத்தான் பாத்துட்டு இருந்தான்.

சார் கண்ணைத் திறந்து நாற்காலியைச் சுத்தினார். "ரெண்டாவதுதாம்மா. ரெண்டாவதுல உயிர் இருக்கு" என்கிறார். உயிராம். சிரிப்பு வருது, அழுகையும் வருது. "யாருது ரெண்டாவது?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பரிதி சொல்லிட்டான், "அக்காவோடது சார். நல்லாப் பண்ணியிருக்காங்க." குரல்ல ஒரு கீறல் கிடையாது. சார் சிரிச்சு, "அப்ப பேச்சே இல்ல, பழசே இருக்கட்டும், ஏ ரூம் அமலி பாக்கட்டும். பரிதி, நீயும் அமலியோடதுக்கு மாறிக்கப்பா, அமலி சொல்லித் தருவா" என்கிறார். நான் இவனுக்குச் சொல்லித் தரணும். பக்கத்துல உக்கார வெச்சு, இந்தக் கீ வெட்டும், இந்தக் கீ ஒட்டும்னு. அவனும் சரிங்கக்கா, சரிங்கக்கான்னு கேட்டுக்குவான், கேக்கற ஒவ்வொரு நிமிஷமும் மனசுக்குள்ள அந்த அரை இருக்கும், சொல்ல மாட்டான், என்னிக்கும் சொல்ல மாட்டான், எனக்காக அதை மடிச்சுப் பத்திரமா வெச்சுக்குவான். என் அவமானம் அவன் பையில. இத்தனை வருஷம் கட்டின என் மரியாதை அவன் போட்ட பிச்சையா ஆயிரும். அவன் என்னை ஜெயிக்கறதைத் தாங்கினாலும் தாங்குவேன், அவன் என்மேல இரக்கப்படறதை எப்படிங்க தாங்கறது. அதோட, நான் ஜெயிச்சேனா இல்லையான்னே எனக்குத் தெரியாதே. தெரியாம எப்படி அந்த நாற்காலியில உக்காருவேன். எழுந்து நின்னுட்டேன்.

"சார், என்னோடது அரை டெசிபல் கூட. காலையில நான்தான் ஏத்தினேன்." சார் என் மூஞ்சியைப் பாக்கறார், பதினாறு வருஷமா பாக்கற மூஞ்சி, புதுசாப் பாக்கற மாதிரி. "நீயா?" அவ்வளவுதான் கேட்டார். நான்தான்னேன். பரிதி பதறி, "அக்கா, அரைதானே, அது தெரியாமக்கூட ஆகியிருக்கும், எக்ஸ்போர்ட்ல சில சமயம்" என்று இழுக்கறான். "நீங்க சும்மா இருங்க பரிதி, தெரிஞ்சுதான் பண்ணேன்." மன்னிப்பு வாங்கவா இதைச் சொன்னேன், இல்ல, நல்லவ ஆகறதுக்கா, அதுவும் இல்ல, அவன் கையிலேருந்து பிடுங்கறதுக்குச் சொன்னேன். சார் ஸ்கிரீனைப் போட்டார், ரெண்டாவதை அரை இறக்கினார், திரும்ப அணைச்சார். "சமமாயிருச்சு. இன்னொரு தடவை கேப்போம்." கேட்டோம். எட்டு நிமிஷம் நாப்பது செகண்ட். அந்தப் பொண்ணு ரெண்டு தடவை பாடி முடிச்சா. நான் கண்ணை மூடிட்டேன். கண்ணை மூடினா பொய் சொல்றது கஷ்டம், அதான் சார் மூடறார் போல.

முடிஞ்சதும் சார் தாடையைத் தடவினார். "எனக்கு இப்ப ரெண்டும் ஒண்ணாட்டம்தான் இருக்கு. அறுபத்தஞ்சு வயசுக் காதும்மா, வெட்கத்தை விட்டுச் சொல்றேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "என் காதை விடு. இந்த ஸ்டூடியோ இத்தனை வருஷம் உன் காதுலதான் ஓடியிருக்கு. நீயே சொல்லு அமலி. எது?" இப்படி ஒரு வாசல் திறக்கும்னு நான் நினைச்சுப் பாக்கல. ரெண்டுன்னு சொன்னா போதும். சார் மறுபேச்சுப் பேச மாட்டார். பரிதியும் தலையாட்டுவான். நாற்காலி, ரூம், குச்சி, சியாமளகௌரி, எல்லாம் ஒரு வார்த்தையில நிக்குது. ரெண்டுன்னு சொல்ல நாக்கை மடிச்சாச்சு. ஆனா அவன் இருக்கானே பக்கத்துல, அவன் கேட்டிருக்கானே, அவனுக்குத் தெரியுமே எது நல்லா இருக்குன்னு, அந்தத் தெருக்கோடி நாகஸ்வரத்தைக் கேட்டுட்டும் நான் ரெண்டுன்னு சொன்னா, அப்ப இந்த அக்காவுக்குக் காது இல்லன்னு ஆயிரும்ல அவனுக்கு. களவாணின்னு நினைக்கட்டும், பொறாமைக்காரின்னு நினைக்கட்டும். செவிடின்னு நினைக்க விட மாட்டேன். "முதல்" என்கிறேன். என் குரல் எங்கேயோ கிணத்துக்குள்ளேருந்து வருது. "முதலாவதுதான் சார் நல்லா இருக்கு. நாகஸ்வரம் அதுலதான் சரியா இருக்கு." சார் தலையை ஆட்டறார், மெதுவா, ரெண்டு தடவை. "சரி. அப்ப அதையே வாங்கிருவோம். பரிதி, திங்கக்கிழமைலேருந்து நீ இங்க. அமலி பி ரூம் பாக்கட்டும்." எழுந்திருச்சு, கதவைத் திறந்துட்டுப் போயிட்டார். நெஞ்சுல பாரம் இறங்கும்பாங்களே, உண்மையைச் சொன்னா, ஒண்ணும் இறங்கலை. அப்படியே எரியுது.

பரிதி போகல. அந்த நடு இடத்துல நகந்து உக்காந்து, கையைப் பிசைஞ்சுட்டே கேக்கறான், "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க மிக்ஸ்ல, ரெண்டாவது சரணத்துல அந்தப் பொண்ணு குரல் அப்படியே காதுகிட்ட வந்து பேசற மாதிரி இருந்துச்சு. சத்தம் இறக்கின பிறகும் இருந்துச்சு. நானும் நாலு நாள் முட்டிப் பாத்தேன், வரவே இல்லை. எப்படிக்கா பண்ணீங்க?" கண்ணு ரெண்டும் மின்னுது. பொய்யில்ல, முகஸ்துதி இல்ல. அந்த மின்னல் எனக்குத் தெரியும், அதுல ஒரு சிட்டிகை எரிச்சல் கலந்திருக்கு, எட்டு மாசமா நான் கண்ணாடியில பாக்கற அதே கண்ணு. அவனுக்கும் எரியுது. என்னைப் பாத்து. சாவியை எடுத்துப் பையில போட்டுட்டு எழுந்திருக்கேன். சியாமளகௌரி குடுத்த முறுக்கை அன்னிக்கே தின்னிருக்கலாம்னு தோணுது.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்" என்கிறேன்.